லயத்தைப் பார்த்து நிற்கும் சிலுவை

தம்பி,

இங்கே ஜெலாப்பாங்கில் மழை விட்டபாடில்லை. முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் பினாங்கில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும். நீ எந்தக் காலத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டாய்? உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். பாதிப் பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மறுநாளும் அதே கதைதான். கோபத்தில் எழுதினால் என் கையெழுத்து எனக்கே விளங்காது, கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவைத்தேன். இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய், அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது அழகில்லை என்று எழுதுகிறேன்.

ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாய். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போன தீபாவளிக்கு அவள் இங்கே வந்தபோது, நான் கூப்பிடாமலே முறுக்குப் பிழிய உட்கார்ந்து, அச்சைப் பிடிக்கத் தெரியாமல் மாவைக் கை முழுக்க அப்பிக்கொண்டு, அதற்காக வெட்கப்படாமல் சிரித்தாளே, அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நீ ஞானஸ்நானம் வாங்கினால்தான் ஈப்போவில் தங்கள் கோயிலில் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்கிறார். அதிலும் எனக்குக் கோபம் இல்லை. பெண்ணைப் பெற்றவர், கேட்கத்தான் செய்வார். நீ சரி என்று சொல்லிவிட்டு எனக்கு எழுதியிருக்கிறாய்: “நீ வருத்தப்படாதம்மா. எல்லாம் சும்மா பேருக்குத்தான். தலையில கொஞ்சம் தண்ணி ஊத்துவாங்க, ஒரு பேரு வைப்பாங்க, அவ்வளவுதான். கல்யாணம் முடிஞ்சா நான் பழைய ஆளுதான். நீ கல்யாணத்துக்கு வருவேல்ல?”

பக்கத்து வீட்டு அமுதா அக்கா என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டாள். “பெத்த வயிறு எரியத்தான் செய்யும். புள்ள வேதத்துக்குப் போறான்லா” என்று எனக்காக உச்சுக்கொட்டினாள். “அதுக்கில்லக்கா” என்றேன். “பின்ன எதுக்கு?” என்றாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்காவது விளக்க வேண்டும். நீ வேதத்துக்குப் போவதில் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. சும்மா பேருக்குப் போகிறேன் என்கிறாயே, அதில்தான். நம் தோட்டத்துச் சிலுவையை நீ ஒழுங்காகப் பார்த்திருந்தால் அப்படி எழுத உனக்குக் கை வந்திருக்காது. நீ பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் நீ முழுதாகப் பார்த்ததெல்லாம் அதன் முதுகைத்தான், அதுவும் கோலாலம்பூர் போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக.

உனக்கு அந்த இடம் மறந்திருக்காது. பீடோருக்குக் கொஞ்சம் முன்னால், கோலாலம்பூர் போகிற பெரிய சடக்கிலிருந்து நம் தோட்டத்துச் செம்மண் பாதை கிழக்கே பிரியும். அங்கிருந்து மேடு ஏறி, உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் பள்ளத்தில் இறங்கினால் நாம் இருந்த லயத்து வரிசை வீடுகள். லயத்துக்கும் பின்னால் மலைத்தொடர். ரப்பர் தோட்டமல்லவா, மேட்டின் இரண்டு பக்கமும் கித்தா மரங்கள் அடர்ந்து கிடக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்தப் பாதையில் பச்சை இருட்டுதான். உனக்கு நாலு வயது இருக்கும்போது, சம்பளம் வாங்கிய மறு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து லோரியில் எல்லோருமாகப் பீடோருக்குச் சாமான் வாங்கப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். லோரி ஓட்டியவர் சவரிமுத்து அண்ணன். கித்தாப் பால் ஏற்றுகிற லோரியும் அதுதான், ஆள் ஏற்றுகிற லோரியும் அதுதான். பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் பெண்கள், பிள்ளைகள். நீ என் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய்.

மேட்டின் உச்சிக்கு வந்ததும் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. பிறகு லோரி பின்பக்கமாக உருள ஆரம்பித்தது. முதலில் நாங்கள் சிரித்தோம். சவரி அண்ணன் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தோம். பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் கத்தியபோதுதான் சிரிப்பை விட்டுப் பக்கப் பலகைகளைப் பற்றிக்கொண்டோம். கீழே பெரிய சடக்கில் காட்டுமரம் ஏற்றிய லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்: “சேசுவே, நிப்பாட்டு. ஒனக்கு இந்த மேட்டுல ஒரு சிலுவ நடுறேன். தோட்டம் முழுக்கத் தெரியுற மாதிரி பெருசா நடுறேன்.” லோரி பாதையை விட்டு விலகி, ஒரு கித்தா மரத்தில் பின்பக்கம் மோதி, நின்றது. பால் வடிகிற மங்கு ஒன்று தெறித்து வந்து என் காலடியில் விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நீ கண்ணைத் திறந்து, “வீடு வந்துருச்சா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனாய். நான் உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பயத்தில் வாயில் வந்த வாக்கு. எத்தனை பேர் அப்படிச் சொல்லிவிட்டு மறுநாளே மறந்துபோகிறார்கள். பூசை வைக்க மாதம் ஒருமுறை தோட்டத்துக்கு வருகிற ஃபாதர்கூட, “சவரி, சின்னதா ஒரு மரச் சிலுவ செஞ்சு ஜெபக்கூடத்துல வையி, போதும். ஆண்டவருக்கு ஒன் மனசு தெரியும்” என்றுதான் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, “சாமி, நான் கேட்டப்ப அவரு லோரிய பாதி நிப்பாட்டலயே. முழுசாத்தானே நிப்பாட்டுனாரு” என்றார்.

பீடோரில் ஒரு சீனர் மரப்பட்டறையில், பாலத்துக்கு அறுத்து வேண்டாம் என்று தள்ளிய உத்திரங்கள் வெயிலில் கிடந்தன. ஆணி இறங்காத காட்டு மரம். அண்ணன் ஞாயிறுதோறும் அந்தப் பட்டறை முதலாளித் தவுக்கேயிடம் போய் மரம் அடுக்கிக் கொடுத்து, அதற்குப் பதிலாக உத்திரங்களைக் கேட்டு வாங்கி வந்தார். மேட்டில் போட்டு, மாதக்கணக்கில் செதுக்கினார். இரண்டு உத்திரங்களை நீளவாக்கில் இணைத்து இரும்பு போல்ட்டு அடித்தார். முன்பக்கத்தை வழவழவென்று இழைத்து, குறுக்குக் கட்டை சேருகிற இடத்தில் கித்தா இலைகளைச் செதுக்கினார், மூன்று மூன்றாக, மரத்தில் எப்படி இருக்குமோ அப்படி. செதுக்கியது நாங்கள் பால் வெட்டுகிற உளியால். பின்பக்கம் போல்ட்டுத் தலைகள் அப்படியே துருத்திக்கொண்டிருந்தன. “பின்னாடி யாரு பாக்கப்போறா?” என்று விட்டுவிட்டார். வேதக்கார வீடுகள் நம் லயத்தில் நாலைந்துதான். தூக்கி நிறுத்த அவர்கள் போதாது. அந்த லோரியில் உயிர் பிழைத்த வீடெல்லாம் வந்து நின்றது. உன் அப்பாவை யாரோ, “நீ ஏன்டா? நம்ம சாமியா?” என்று கேட்டார்கள். “சாமி யாருதா இருந்தா என்ன, பாரம் பாரம்தான்” என்று சொல்லிவிட்டு அவர் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அடிக்கட்டை வழுக்கினால் காலே போய்விடுகிற இடம் அது.

நாங்கள் செய்த முட்டாள்தனத்தைக் கேள். முதலில் கயிற்றை ஒரு கித்தா மரத்துக் கவட்டையில் போட்டு இழுத்தோம். பிறந்ததிலிருந்து கித்தா மரத்தோடு கிடக்கிறவர்கள், காற்றடித்தாலே அந்தக் கிளை முறியும் என்று தெரியாதா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கிளை படாரென்று முறிந்து, எல்லோர் தலையிலும் பால் சொட்டியது. அப்புறம்தான் மரத்தை நம்பாமல் ஆட்களை நம்பி, கயிற்றை நேராகக் கையில் பிடித்தோம். ஆண்கள் கவைக்கோல்களால் கீழிருந்து முட்டுக் கொடுக்க, பெண்கள் நாங்கள் இழுத்தோம். தினமும் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கவிட்டு நடக்கிற தோள்கள், சும்மா இல்லை. இழுத்தோம், நிறுத்தினோம், முட்டுக் கொடுத்தோம், திரும்ப இழுத்தோம். உள்ளங்கை தீயாக எரிந்தது. எனக்கு முன்னால் நின்றவள் கை தளர்ந்தாள். அவளைத் திட்டத் திரும்பினால் என் பிடியும் போயிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், அதனால் சொல்கிறேன்: ஸ்டெல்லா கை தளர்கிற நாளும் வரும், நீ தளர்கிற நாளும் வரும். அப்போது மற்றவர் முகத்தைப் பார்த்துக் குறை சொல்லாமல், அவரவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிலுவை பாதிக்குமேல் எழுந்த பிறகு ஒன்று நடந்தது. இதை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. அத்தனை நேரம் எங்களைத் தரையோடு இழுத்த கயிறு, ஒரு நொடியில் இலேசாகிவிட்டது. என் கையில் கயிறு இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. நாங்கள் யாரும் இழுக்கவில்லை, கீழே யாரும் முட்டுக் கொடுக்கவில்லை, ஆனால் அது எழுந்துகொண்டிருந்தது. தானாக, நிதானமாக, தூங்கி எழுந்த ஆள் நிமிர்வதைப்போல. குழிக்குள் அடிக்கட்டை இறங்கிய சத்தம் என் பாதத்தில் கேட்டது. பாரம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் அப்படித்தான் இலேசாகும் என்று உன் அப்பா பிறகு விளக்கினார். விளக்கம் சரிதான். ஆனால் அந்த நொடியில் என் உடம்பெல்லாம் சிலிர்த்ததே, அதற்கு அவர் விளக்கம் போதவில்லை. நான் கும்பிடுகிற மாரியம்மன் தேர் முதல் அடி நகரும்போது வருமே, அதே சிலிர்ப்பு. எனக்கு அது பயமா, பக்தியா என்று தெரியவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினேன். பக்கத்தில் எல்லோரும் கூப்பியிருந்தார்கள்.

அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், சிலுவையைக் காணோம். அடிக்கட்டை தெரிந்தது, அதற்குமேல் கித்தா இலைகள். அத்தனை உயரமும் இலைக்குள் போய் மறைந்துவிட்டது. போதாததற்கு, அடுத்த வாரம் ஃபாதர் மந்திரிக்க வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சவரி, ரோட்டுல போறவங்களுக்காகத்தானே வழியோரத்துல சிலுவ வைக்கிறது? இது ரோட்டுக்கு முதுகக் காட்டிட்டு நிக்குதே” என்றார். அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. அன்றைக்குக் கயிறு கட்டுகிற மும்முரத்தில், குழி வெட்டுகிற பொறுப்பை நம் மாரியம்மன் கோயில் பூசாரியிடம் விட்டிருந்தார். பூசாரி தனக்குத் தெரிந்தபடி, சாமி என்றால் கிழக்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று அளந்து வெட்டிவிட்டார். ஃபாதர் கேட்டதற்குக் கொஞ்சமும் அசரவில்லை. “ரோட்டுல போறவன் போய்ட்டே இருப்பான் சாமி. நாங்கதான் இங்கயே கெடக்குறோம். எங்களப் பாக்கட்டும்லா” என்றார். ஃபாதர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே மந்திரித்துவிட்டுப் போனார்.

ஆக, இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பெரிய சிலுவை, அதை யாராலும் பார்க்க முடியாது. இளவட்டங்கள், “அண்ணே, தோட்டம் முழுக்கத் தெரியுற சிலுவ எங்கண்ணே?” என்று வாயைக் கிளறுவார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். என்னிடம் ஒருமுறை மட்டும், “வாக்கு பாதிதான் நெறவேறிச்சு தங்கச்சி” என்றார். வருஷத்தில் ஒரு மாதம் கித்தா மரங்கள் இலை உதிர்க்குமே, அப்போது கிளைகளுக்கு நடுவே ஒரு கை, கொஞ்சம் தலை என்று துண்டு துண்டாகத் தெரியும். அவர்களுடைய தவக்காலமும் அநேகமாக அப்போதுதான் வரும். பெரிய வெள்ளிக்கு முன்னால் அவர் காய்ந்த இலைமேல் முழந்தாளிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஈஸ்டர் வருவதற்குள் மரமெல்லாம் துளிர்த்து மறுபடி மூடிவிடும். நாங்கள் அந்த வழியாகத் தினம் போனோம், வந்தோம். விடியற்காலையில் பால் வெட்ட நிரைக்குப் போகும்போது அடிக்கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சிலர் மஞ்சள் தடவினார்கள். உன் உயிரை எனக்குத் திருப்பிக் கொடுத்த இடம், எனக்கு அது போதும் என்று இருந்தது. அது எவ்வளவு பெரியது என்ற நினைப்பே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

நீ இடைநிலைப் பள்ளிக்காகக் கோலா கங்சாரில் சித்தி வீட்டில் இருந்த காலத்தில்தான் கித்தாவை அழித்துச் செம்பனை நடப்போகிறோம் என்று தோட்டத்தில் சொன்னார்கள். உன் அப்பா அதற்கு முந்திய வருஷமே நம்மை விட்டுப் போய்விட்டார். மரங்களை டிராக்டர் வைத்துச் சாய்த்தார்கள். சாய்த்ததை அங்கங்கே குவித்து, காயவிட்டு, நெருப்பு வைக்கக் காத்திருந்தார்கள். சிலுவையைச் சுற்றியும் மரங்கள் குவியலாகக் கிடந்தன. அதை என்ன செய்வது என்று அண்ணன் எங்களை வேலை வாங்குகிற மண்டோரிடம் கேட்டார். “மேல ஒண்ணும் சொல்லலண்ணே. பக்கத்துல எரியுறப்ப அதுவும் எரிஞ்சா எரியட்டும், என்னா செய்ய” என்றார் மண்டோர். அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். வேலையை இழந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாங்கள்தான் மண்வெட்டியோடு போனோம். மேட்டு உச்சியில் கிடந்த கட்டைகளைத் தூரத் தள்ளி, புல்லைச் சுரண்டி, வட்டமாக மண்ணை வெட்டிவிட்டோம். பால் வாளிகளில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து அடிக்கட்டையில் ஊற்றினோம். நெருப்பு வைத்தபோது புகை மேட்டையும் லயத்தையும் சேர்த்து மூடிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு இருமிக்கொண்டு கிடந்தோம். சிலுவை இருக்கிறதா போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது.

அதற்கு மறுநாளும் விடியுமுன்னே எழுந்துவிட்டேன். வெட்ட ஒரு மரம் இல்லை, ஆனால் உடம்புக்குப் பழக்கம் போகவில்லை. கதவைத் திறந்தேன். புகை அடங்கியிருந்தது. நம் வாசலிலிருந்து பத்தடிக்குமேல் பார்த்தே பழக்கமில்லாத எனக்கு, தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கண்ணில் விழுந்தது. கருகிய மண், கருகிய மண், மேடு வரைக்கும் கருகிய மண். அந்த மேட்டில் ஒற்றையாக அது நின்றது. நம் பின்னால் மலைக்கு அப்பால் சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. லயம் இன்னும் நிழலில் கிடந்தது. வெளிச்சம் முதலில் சிலுவையின் தலையில் பட்டது. பிறகு இரண்டு கைகளிலும் ஓடியது. அப்புறம் மெதுவாக உடம்பு வழியாக இறங்கியது. வானத்தில் வேறு ஒன்றுமே இல்லை, தம்பி. அவ்வளவு பெரிய ஆகாயத்தை அது ஒன்றே தாங்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அதன் முகம் எங்களைப் பார்த்திருந்தது. பூசாரி அளந்து வைத்தபடி, லயத்தின் ஒவ்வொரு வாசலையும் பார்த்திருந்தது.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்தது, ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். பல் விளக்க வந்தவர்கள் வாயில் கரிப்பொடியோடு அப்படியே நின்றார்கள். நான் என்னையே பார்த்தேன். கழுத்து பின்னால் சாய்ந்து, கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் இதன் காலடியில் நடந்தோம், இது எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது, நாங்கள்தான் பார்க்கவில்லை என்று தோன்றியது. சவரி அண்ணன் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய், “அண்ணே, தோட்டம் முழுக்கத் தெரியுது” என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “நான் செஞ்சது இவ்ளோ பெருசு இல்ல தங்கச்சி” என்றார்.

அந்த மாதமே நாம் ஜெலாப்பாங்குக்கு வந்துவிட்டோம். நான் பேக்டரியில் சேர்ந்தேன், நீ விடுமுறைக்கு நேராக இங்கே வந்தாய். பழைய தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று நீயும் கேட்டதில்லை, வயிற்றுப்பாட்டில் நானும் சொன்னதில்லை. பிறகு பஸ்ஸில் போகும்போது ஒருநாள், “அந்தச் சிலுவைல போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு அசிங்கமா இருக்கும்மா” என்றாய். நினைவிருக்கிறதா? சடக்கில் போகிறவர்களுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்த பிறகு, கோபத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல், ஈப்போவில் பஸ் ஏறிப் போய், நம் பாதை பிரிகிற முச்சந்தியில் இறங்கினேன். செம்பனை வளர்ந்திருக்கிறது, ஆனால் இன்னும் சிலுவையின் இடுப்புக்குக்கூட வரவில்லை. சவரி அண்ணன் மீதமிருக்கிற லயத்தில் மகளோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். உன் விஷயத்தைச் சொன்னேன். நீ ஞானஸ்நானம் வாங்கப் போகிறாய் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம பையனா? லோரியில தூங்குனவனா? நான் ஞானத்தகப்பனா நிக்கிறேன் தங்கச்சி. நிக்கலாம்லா? புதுச் சட்ட தைக்கணுமே” என்று எழுந்து நின்றுவிட்டார். சும்மா பேருக்குத்தான் அண்ணே என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. “பையன் வந்து சொல்லட்டும், அதுக்கப்புறம் சட்ட தைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ என்னை அழைத்த மாதிரி நான் வரமாட்டேன். என் மனசு நோகக்கூடாது என்று நினைத்து, அந்தச் சாமியைச் சின்னதாக்கி எனக்குக் காட்டுகிறாய். எந்தச் சாமியையும் எனக்காகச் சின்னதாக்காதே. நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். சாகும்வரை அவளைத்தான் கும்பிடுவேன். ஆனால் என் கையில் இருந்த கயிறு இலேசானது பொய்யில்லை. அந்தக் காலையில் என் தலை நிமிர்ந்ததும் பொய்யில்லை. அப்படிப்பட்டதன் முன்னால் போய்ப் பொய்யாகத் தலை குனிந்துவிட்டு, வெளியே வந்ததும் துடைத்துவிட்டால், மாரியம்மனுக்கும் உண்மையாக இருக்கமாட்டாய், சேசுவுக்கும் உண்மையாக இருக்கமாட்டாய். அப்படிப்பட்டவன் ஸ்டெல்லாவுக்கு மட்டும் எப்படி உண்மையாக இருப்பான்?

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவையும் அழைத்துக்கொண்டு வா. ஈப்போவில் பிறந்த பெண், அவளும் பார்த்திருக்க மாட்டாள். முச்சந்தியில் இறங்குங்கள். போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்காதே. செம்மண் பாதையில் ஏறி, சிலுவையைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் பள்ளத்தில் இறங்கி வா. நம் பழைய வீட்டு வாசலில் கதவு இல்லை, படி மட்டும் இருக்கிறது. அங்கே நான் நின்றுகொண்டிருப்பேன். என் பக்கத்தில் வந்து நின்று, அப்புறம் திரும்பு. நான் ஒன்றும் பேசமாட்டேன். பார்த்து முடித்த பிறகும் “சும்மா பேருக்குத்தாம்மா” என்று உன்னால் சொல்ல முடிந்தால், மூன்று பேருமாக நேரே ஸ்டெல்லாவின் அப்பாவிடம் போவோம். “என் மகனுக்கு இன்னும் மனசு வரல, ஆனா உங்க பொண்ணுமேல ஆச உண்மைதான்” என்று நானே சொல்கிறேன். அவர் திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். உன் கல்யாணம் எந்த ஆபீசில், எந்தக் கோயிலில் நடந்தாலும் உன்னோடு நிற்பேன்.

அந்த வார்த்தை உன் வாயில் வரவில்லை என்றால், சவரி அண்ணன் வீடு இரண்டு வாசல் தள்ளித்தான். நீயே போய், அவர் காதுக்குக் கேட்கிற மாதிரி, சட்டை தைக்கச் சொல். உன் தலையில் தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்கு, நான் நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு, கோயிலின் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா